இருநூற்று மூன்றிலிருந்து நாற்பத்தேழு

போன மாதம் ஒரு முற்பகலில் கார்த்திக் போன் செய்தார். திண்டிவனத்துக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டி நான் வேலை பார்த்த ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் இப்போது இருக்கிற கணித விரிவுரையாளர். நான் எழுந்து வந்த நாற்காலியில் உட்கார்ந்தவர். இனி அதில் யாரும் உட்காரப் போவதில்லை. சேர்க்கை நின்றுவிட்டது. கடைசி அணி மாணவர்களும் முடித்துப் போய்விட்டார்கள். கட்டடத்தைக் காலி செய்கிறார்கள்.

“சார், மேத்ஸ் லேப் பீரோவ ஒழிச்சிக்கினு இருக்கோம். ஒங்க குச்சிக் கட்டெல்லாம் இருக்குது. எடைக்குப் போட்டுடலாமா?”

“என்னென்ன இருக்கு?”

“கலர் அடிச்ச ஐஸ் குச்சி ஒரு செட்டு. அப்பால கீழ்த்தட்டுல ரெண்டு தொடப்பக்கட்டு. யாரு வச்சாங்கன்னே தெரியல சார்.”

எனக்குத் தெரியும். வைத்தவன் நான். “ரெண்டையும் தொடாதீங்க, வர்றேன்” என்று சொல்லி வைத்தேன்.

இந்த நிறுவனம் மூடப்படுவதை ஒட்டி இளையவர்கள் ஒரு மலர் போடுகிறார்கள். “உங்க அனுபவத்தை எழுதுங்க சார், நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்” என்றார்கள். உபயோகம் பற்றி எனக்குத் தெரியாது. அந்தப் பீரோவைப் பற்றி எழுதுகிறேன்.

என் படிப்பை ஒரே வரியில் முடித்துவிடலாம்: விழுப்புரம், கணிதம், முதல் வகுப்பு, வேலை இல்லை. கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுப் போட்டுக் கை ஓய்ந்த பிறகு கிடைத்தது இந்த இடம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒன்றையும் இரண்டையும் சொல்லித்தரப் போகிறவர்களுக்கு அந்த ஒன்றையும் இரண்டையும் சொல்லித் தருகிற வேலை. முதல் வருஷம் அவமானமாக இருந்தது. தினமும் காலையில் விழுப்புரத்தில் பாசஞ்சர் ஏறுவேன். முண்டியம்பாக்கத்தில் கரும்புப்பாகு வாசம் பெட்டிக்குள் வந்து என்னோடு உட்காரும். மயிலம் தாண்டும்போது இறங்கிப் போகும். நான் மட்டும் இறங்காமல், இன்றாவது இந்த ரயில் என்னை வேறெங்காவது கொண்டுபோய் விடாதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். திண்டிவனம் வந்துவிடும்.

முதல் நாள் வகுப்பில் எல்லா அணிக்கும் ஒரே கணக்குத்தான் போடுவேன். இருநூற்று மூன்றிலிருந்து நாற்பத்தேழு போனால் மீதி எவ்வளவு?

பன்னிரண்டாம் வகுப்பு தாண்டி வந்த பிள்ளைகள். பாதி நோட்டில் இருநூற்று நாற்பத்து நான்கு என்று இருக்கும். ஏழிலிருந்து மூன்று, நான்கிலிருந்து பூஜ்யம், எது பெரிதோ அதிலிருந்து சின்னதைக் கழித்து வைத்திருப்பார்கள். கையில் இருந்ததைவிட மீதி கூடிவிட்டதே என்பது ஒருவருக்கும் உறுத்தாது. கணக்கு என்றால் உறுத்தாமல் எழுதுவது என்றுதான் பன்னிரண்டு வருஷம் பழக்கப்பட்டிருந்தார்கள். நானும் விதியைச் சொல்லித் திருத்துவேன். அவர்கள் எழுதிக்கொள்வார்கள். இப்படியே பல வருஷம் ஓடியது.

எங்கள் முதல்வர் புஷ்பலீலா அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கஞ்சி போட்ட காட்டன் புடவை, ஆறங்குல எஃகு அளவுகோல், பச்சை மசிப் பேனா. பயிற்சி மாணவர்களின் பாடத்திட்டக் குறிப்பேடுகளைத் தானே பார்ப்பார். அளவுகோலை ஒவ்வொரு வரிக்கும் கீழே வைத்து, வரி வரியாக இறக்கிக்கொண்டே வாசிப்பார். பிழை இருந்தால் அடிக்க மாட்டார். அந்த இடத்தில் ஒரு பச்சைப் புள்ளி மட்டும் வைப்பார். என்ன பிழை என்று நீயே கண்டுபிடித்துக்கொண்டு வர வேண்டும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பிலேயே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டவர்கள் உண்டு. இரண்டு தடவைக்கு மேல் எதையும் கேட்க மாட்டார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பச்சையம்மாள் கடைசி பெஞ்சு. கண்டாச்சிபுரத்துக்குப் பக்கத்துக் கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கொல்லையில் கூலிக்கு மல்லாட்டை, நிலக்கடலைதான், பிடுங்கப் போகிறவர்கள். வருகை எடுக்கும்போது அவள் பேர் வந்தால் வகுப்பு சிரிக்கும். அவள் எழுந்து நின்று, சிரிப்பு அடங்குகிற வரை பொறுத்திருந்து, பிறகு “உள்ளேன் சார்” என்பாள். அவசரமே கிடையாது.

அந்த அணிக்கும் அதே கணக்கைப் போட்டேன். மூன்றிலிருந்து ஏழு போகாது, பக்கத்தில் கேள், பக்கத்தில் பூஜ்யம், அதற்கும் பக்கத்தில் கேள். இரண்டு ஒன்றாகும், பூஜ்யம் ஒன்பதாகும், மூன்று பதிமூன்றாகும்.

“சார்.”

“என்னம்மா?”

“அந்த ஒம்போது எங்கேர்ந்து வந்திச்சி?”

“வானத்துலேர்ந்து வந்திச்சி, குந்துடி” என்றது பக்கத்துப் பெஞ்சு. வகுப்பு வழக்கம்போலச் சிரித்தது.

“அது விதிம்மா. நடுவுல பூஜ்யம் இருந்தா ஒன்பதாயிடும்.”

“பசங்க கேட்டா இன்னா சார் சொல்றது?”

“கேக்க மாட்டாங்க. நானே கேட்டதில்ல.”

அவள் உட்கார்ந்துவிட்டாள். நான் அன்று மாலை ரயிலில் நின்றுகொண்டே வந்தேன். இடம் இருந்தும் உட்காரவில்லை. முதுகலைக் கணிதம் படித்தவன், அந்த ஒன்பது எங்கிருந்து வந்தது என்று ஒரு ஐஸ் குச்சியை வைத்துக் காட்டச் சொன்னால் காட்டுவேனா? காகிதத்தில் நிரூபிப்பேன். குச்சியில்?

மறுநாள் ஒரு கூடைக் குச்சியை அவள் முன்னால் கொட்டி, நீயே பார் என்றேன். பத்துப் பத்தாகக் கட்டினாள். பத்துக் கட்டுகளைச் சேர்த்துப் பெரிய கட்டாகக் கட்டினாள். அப்படி இரண்டு பெரிய கட்டு, மூன்று தனிக் குச்சி. ஏழு குச்சி வேண்டும், மூன்றுதான் இருக்கிறது. பெரிய கட்டு ஒன்றை அவிழ்த்தாள். பத்துச் சின்னக் கட்டுகள் மேசையில் உருண்டன. அதில் ஒன்றை எடுத்து அவிழ்த்தாள். பத்துத் தனிக் குச்சிகள் மூன்றோடு போய்ச் சேர்ந்தன. கை அப்படியே நின்றது.

“சார்! இங்க ஒம்போது கட்டு நிக்குது சார்! எங்கயும் போவல, இங்கயேதான் நிக்குது!”

முப்பதைத் தாண்டிப் பல வருஷம் ஆன ஒருவன் அன்றுதான் முதல்முறையாக அந்த ஒன்பதைக் கண்ணால் பார்த்தான். அவளிடம் நான் அதைச் சொல்லவில்லை. “சரிதான்” என்று மட்டும் சொன்னேன்.

அதன் பிறகு என் பாடமே மாறியது. அவிழ், அவிழ், அவிழ் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். விழுப்புரத்தில் பணியிடைப் பயிற்சிக்கு வருகிற ஆசிரியர்களிடமும் மேடையேறிச் சொன்னேன்: அவிழ்க்க முடியாத கட்டை வகுப்புக்குள் கொண்டு போகாதீர்கள். கைதட்டினார்கள். அந்த வாக்கியம் என் பேரோடு ஒட்டிக்கொண்டது.

இப்போது பீரோவின் மேல்தட்டுக்கு வர வேண்டும்.

பச்சையம்மாள் சேர்வதற்குப் பல வருஷங்களுக்கு முன் மாவட்ட அளவில் ஒரு துணைக்கருவிக் கண்காட்சி நடந்தது. ஐஸ் குச்சிகளுக்குச் சிவப்பும் மஞ்சளும் அடித்து, ஒன்று, பத்து, நூறு என்று கட்டி வைக்கத் திட்டம். கண்காட்சிக்கு முந்தின நாள் மத்தியானம் குச்சி தீர்ந்துவிட்டது. திண்டிவனம் கடைகளில் கிடைக்கவில்லை. பத்துக் கட்டுகளை ஒழுங்காகவே கட்டியிருந்தேன். மூன்று நூறுகட்டுகள் பாக்கி. தெர்மாகோலை உருளையாக வெட்டி, சுற்றிலும் ஒரு வரிசை குச்சியை நிறுத்தி, ரப்பர் பேண்டு போட்டு, மேலே சாட்டின் நாடா கட்டினேன். மேல்முனையில் வெட்டின குச்சி நுனிகளை ஒட்டி மறைத்தேன். அசல் நூறைவிட அழகாக இருந்தது. முதல் பரிசு. கேடயம் முதல்வர் அறையில், அவர் நாற்காலிக்குப் பின்னால், என் பேரோடு.

அதற்குப் பிறகு அந்தக் கட்டுகள் வைத்த பெட்டி ஒவ்வொரு அணிக்கும் கைமாறியது. யாரும் நூறை அவிழ்க்கவில்லை. பாடத்திட்டத்தில் பத்தை அவிழ்க்கிற கணக்கோடு முடிந்துவிடும். ‘அவிழ்’ என்று நான் ஊர் ஊராகச் சொன்ன அந்த நாட்களிலும் அந்த மூன்று கட்டுகள் அப்படியே மேல்தட்டில் இருந்தன. மாற்றிவிடலாம் என்று ஒவ்வொரு வருஷமும் நினைப்பேன். அப்புறம் மறந்துவிடும். மறந்துவிட்டது என்று எழுதுவதுகூடச் சரியில்லை.

இரண்டாம் வருஷக் கடைசியில் கமிஷன் வரும். செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வருகிற தேர்வாளர் குழுவை எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். பயிற்சி மாணவர் பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். குறிப்பேட்டில் ‘துணைக்கருவி: சுயமாகத் தயாரித்தது’ என்று எழுதி மாணவர் கையெழுத்துப் போடுவார், அதன் கீழே வழிகாட்டி விரிவுரையாளர் கையெழுத்துப் போடுவார். துணைக்கருவியின் தோற்றத்துக்கு மதிப்பெண் உண்டு. எதுவுமே செய்யாத பிள்ளைகளுக்குப் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிடுவோம். எல்லா விரிவுரையாளரும் செய்ததுதான்.

பச்சையம்மாள் செய்து கொண்டுவந்திருந்தாள். ஈர்க்குச்சிகளை ஒரே அளவாக நறுக்கி, பழைய புடவைக் கரையைக் கிழித்துப் பத்துப் பத்தாகக் கட்டி, பத்துக் கட்டைச் சேர்த்து நூறு. அப்படி இரண்டு நூறு. கொஞ்சம் தனிப் பத்துகள். எல்லாம் பழுப்பு. நுனியெல்லாம் பிசிறு.

கமிஷனுக்கு முதல் நாள், வரிசையாக எல்லாருடைய மேசையையும் பார்த்துக்கொண்டு வந்தேன்.

“ஏம்மா, தொடப்பத்தை மேசையில வச்சா மார்க் போடுவாங்களா?”

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சிரிக்க வைத்தேன் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது. அவளும் சிரிப்பு அடங்குகிற வரை பொறுத்திருந்தாள்.

“எண்ணிக் கட்டியிருக்கேன் சார்.”

“எண்ணினது யாருக்குத் தெரியும்? பாக்க நீட்டா இருக்கணும். இந்தா, இதை எடுத்துக்கோ.” மேல்தட்டுப் பெட்டியை எடுத்து அவள் கையில் வைத்தேன். அவளுடையதைக் கீழ்த்தட்டில் தள்ளினேன்.

நூறுகட்டு ஒன்றை உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்தாள்.

“சார், இதுல வெயிட்டே இல்லியே?”

சொல்லியிருக்கலாம். அந்த நொடியில் வாயில்தான் இருந்தது.

“ஐஸ் குச்சி லேசாத்தாம்மா இருக்கும்.”

அவள் தலையாட்டினாள். குறிப்பேட்டில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் நான்காம் வகுப்பு. தலைமைத் தேர்வாளர் பின்வரிசையில், அவருக்குப் பக்கத்தில் முதல்வர், ஜன்னலோரம் நான். பச்சையம்மாள் நன்றாகத்தான் நடத்தினாள். பத்தை அவிழ்த்தாள், பிள்ளைகளையும் அவிழ்க்க வைத்தாள். பாடம் முடிகிற நேரத்தில் தேர்வாளருக்கு அவள்மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது என்று நினைக்கிறேன். அதனால்தான் கேட்டார்.

“நல்லா பண்றீங்கம்மா. நடுவுல சைபர் வர்ற மாதிரி ஒண்ணு குடுங்களேன். பாப்போம்.”

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். பலகையில் எழுதினாள்: இருநூற்று மூன்று கழித்தல் நாற்பத்தேழு. அவளுடைய கணக்கு. உலகத்தில் அவளுக்கு மிகச் சுத்தமாகத் தெரிந்த கணக்கு.

முன்வரிசைப் பெண் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு இரண்டு நூறையும் மூன்று குச்சியையும் கொடுத்தாள். “ஏழு குச்சி எனக்குக் குடு கண்ணு.”

“மூணுதான் கீது மிஸ்.”

“அப்ப இன்னா பண்ணுவ?”

“கட்ட அவுப்பேன்.”

“அவுத்துடு.”

பிள்ளை நாடாவை இழுத்தது. ரப்பர் பேண்டைப் பல்லால் கடித்தது. குச்சிகள் தரையில் கலகலவென்று கொட்டின. வெள்ளை உருளை ஒன்று மேசையில் விழுந்து, உருண்டு, தேர்வாளர் காலடியில் போய் நின்றது. அப்புறம் வகுப்பே சிரித்தது. பச்சையம்மாள் சிரிப்பு அடங்கக் காத்திருக்கவில்லை. குனிந்து குச்சிகளைப் பொறுக்கினாள். உதடு அசைந்துகொண்டிருந்தது, எண்ணுகிறாள்.

“இதுல முப்பத்தாறுதான் இருக்குது” என்று பிள்ளைகளிடம் சொன்னாள். “இது நூறு இல்ல.”

தேர்வாளர் உருளையை எடுத்து மேசையில் வைத்தார். பிரியம் போய்விட்டிருந்தது. குறிப்பேட்டைப் புரட்டினார்.

“சுயமாகத் தயாரித்ததுன்னு எழுதியிருக்கு. நீங்க செஞ்சதாம்மா இது?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். சத்துணவுக் கூடத்துப் புகைப்போக்கியில் புகை வந்துகொண்டிருந்தது. எத்தனை நேரம் பார்த்தேன் என்று தெரியாது.

“ஆமா சார்” என்றாள்.

மதிப்பெண் பட்டியலை உறையில் போட்டு அரக்கு வைப்பது மாலை நான்கு மணிக்கு. இரண்டு மணிக்கு முதல்வர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் அந்த வெள்ளை உருளை. பக்கத்தில் எஃகு அளவுகோல். அவர் தலைக்குப் பின்னால் கேடயம்.

“இது யாருடைய துணைக்கருவி சார்?”

காத்திருந்தார். எனக்கு அந்த வருஷம் முதுநிலை விரிவுரையாளர் பதவி வர வேண்டியிருந்தது. கையெழுத்து என்னுடையது, பொய்ப் பதிவு என்று வந்தால் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுப்பார்கள். கண்காட்சி, கேடயம், ‘அவிழ்’ என்று நான் பேசிய மேடைகள் எல்லாமே அந்த உருளையோடு சேர்ந்து உருளும். இதெல்லாம் அப்போது யோசித்தேனா என்று கேட்டால், யோசித்தேன். ஒழுங்காக, ஒவ்வொன்றாக யோசித்தேன்.

“ரெக்கார்டுல இருக்கே மேடம்” என்றேன்.

“நான் ரெக்கார்டைக் கேக்கலை. இது யாருடையது?”

அது இரண்டாவது தடவை.

நான் கேடயத்தைப் பார்த்தேன். அவர் பச்சைப் பேனாவை எடுத்து, என் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார். குறிப்பேட்டை மூடினார். “போகலாம் சார்.”

அவருக்குத் தெரியும். அவரும் தேர்வாளரிடம் சொல்லவில்லை. நிறுவனத்தின் பேர் என்று ஒன்று அவருக்கும் இருந்தது. இதை அவர்மேல் பழியாக எழுதவில்லை. அன்று அந்த அறையில் வாய் திறக்காதவர்கள் இரண்டு பேர் என்பதற்காக எழுதுகிறேன். நான்கு மணிக்கு அரக்கு வாசம் வராந்தா வரை வந்தது.

செய்முறையில் அவள் தேறவில்லை. அடுத்த வருஷம் கற்பித்தல் பயிற்சியை முழுக்கத் திரும்பச் செய்து எழுத வேண்டும். அவள் அப்பா ஒருநாள் வந்து வராந்தாவில் நின்றார். “இன்னா சார் தப்பு பண்ணிச்சி எம்பொண்ணு? கேட்டா சொல்ல மாட்டேங்குது” என்றார். “அடுத்த வருஷம் எழுதலாங்க” என்றேன். “அடுத்த வருசமா” என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அடுத்த வருஷம் அவள் வரவில்லை. கல்யாணம் ஆகிவிட்டது என்று கேள்வி. எனக்கு முதுநிலை வந்தது.

சில வருஷம் கழித்து வேறொரு அணிப் பெண், கண்டாச்சிபுரம் பக்கம் பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, “சார், அந்த ஸ்கூல்ல சத்துணவு சமைக்கிற அக்கா ஒங்களத் தெரியும்னாங்க. பேரு பச்சையம்மா” என்றாள். கணவனால் கைவிடப்பட்டவர் என்ற முன்னுரிமையில் கிடைத்த சமையல் உதவியாளர் வேலையாம். போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். போகவில்லை. ஐம்பத்து மூன்றில் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தபோது, ஏன் சார் என்று கேட்டவர்களுக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் சொன்னேன்.

கார்த்திக் போன் செய்த மறுநாள் திண்டிவனம் போனேன். ஈர்க்குச்சிக் கட்டு இரண்டையும் காலியான லேப் மேசையில் வைத்து அவிழ்த்தேன். பூச்சி அரித்திருந்தது, ஆனால் உடையவில்லை. எண்ணினேன். பத்து, பத்து, பத்து. நூறு. இன்னொன்றும் நூறு. அதே கரைத்துணியால் திரும்பக் கட்டிப் பைக்குள் வைத்தேன். முதல்வர் அம்மா காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. சொல்வதற்கு மிச்சமிருந்தது ஒரே ஆள்.

அடுத்த நாள் கண்டாச்சிபுரத்தில் இறங்கி இன்னொரு பஸ். பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் சமையல் கூடம். பச்சையம்மாள் முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். முன்நெற்றியில் நரை. என்னைப் பார்த்ததும் எழுந்து கையைப் புடவையில் துடைத்தாள்.

“வாங்க சார். நல்லாக்கீறீங்களா?”

பையிலிருந்து கட்டுகளை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

“அன்னிக்கு அந்தப் பொட்டி என்னுதுன்னு நான் சொல்லியிருக்கணும்மா.”

“தெரியும் சார்.” முட்டையை மறுபடி எடுத்தாள். “மேடத்துக்கும் தெரியும். கையில வாங்கும்போதே எனக்கும் தெரியும். சார் சொல்றாரேன்னு கம்முனு இருந்துட்டேன்.”

“ஏம்மா ஆமான்னு சொன்ன?”

“ரெக்கார்டுல அப்பிடித்தான சார் எழுதியிருந்திச்சி. கீழ ஒங்க கையெழுத்து.”

அடுத்த முட்டையைத் தட்டி ஓட்டை உரித்தாள். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

“நேத்து அவிழ்த்து எண்ணிப் பாத்தேன். ரெண்டும் சரியா நூறு இருக்கு.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“எண்ணித்தான சார் கட்டினேன்.”

ஒரு கட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஒரு தடவை அசைத்தாள். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினாள்.

“கேஸ் வந்துட்ச்சி சார். இல்லாங்காட்டி பத்த வைக்கவாச்சும் ஆவும்.”

மணி அடித்தது. பிள்ளைகள் தட்டோடு ஓடிவந்தார்கள். அவள் தலைகளை எண்ணத் தொடங்கினாள்.

விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னலோர இடம். கட்டுகளை மடியில் வைத்திருந்தேன். திருவாமாத்தூரில் இறங்க வேண்டிய பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“இன்னாங்க அது, தொடப்பமா?”

“இல்லைங்க” என்றேன். “ஒவ்வொண்ணும் நூறு.”

அவருக்கு அது ஒன்றும் புரியவில்லை. தலையாட்டிவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டார்.